காது மெஷினுக்கு ரேடியோ லைசென்ஸ்

எழுபத்தாறோ எழுபத்தேழோ, புரட்டாசி மாதம். கேரள எல்லையில், வேலந்தாவளத்திலிருந்து கொழிஞ்சாம்பாறை போகிற ரோட்டில் மூன்று மைல் தள்ளி எங்கள் தோட்டம். நிலக்கடலை பிடுங்குகிற சமயம் என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. பிடுங்க வந்த ஆட்களை அப்படியே விட்டுவிட்டு நான் சித்தூருக்குப் பஸ் ஏறியதை என் வீட்டுக்காரர் பல வருஷம் சொல்லிக்காட்டிக்கொண்டிருந்தார்.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். அதோடு பயந்தாங்கொள்ளி. பால் பொங்குவதற்கு முன்பே பொங்கிவிட்டதென்று ஓடுகிற ஆள். ஆகவே அன்றைக்கு நடந்த குளறுபடிக்கு வேறு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. சொல்லிப் பார்த்தேன், ஒட்டவில்லை.

அதற்கு முந்தின வருஷம் என் வீட்டுக்காரர் சலூனிலிருந்து ஒரு பழைய பத்திரிகை கொண்டுவந்திருந்தார். அரிக்கேன் விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு எனக்குப் படித்துக் காட்டினார். இனி வருகிற காலத்தில் மனிதர்கள் மெஷின்களைச் சட்டை மாதிரி உடம்பிலேயே மாட்டிக்கொள்வார்களாம். கைக்கடிகாரம் கணக்குப் போடுமாம். காதில் செருகுகிற ஒரு பொத்தான் ஊர்ச் சத்தத்தையெல்லாம் உள்ளே கொண்டுவருமாம். படத்தில் ஒரு வெள்ளைக்காரர் உடம்பெல்லாம் ஒயர் தொங்க, சிரித்துக்கொண்டு நின்றார். ஷாக் அடிக்காதா என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

"இதெல்லாம் நம்ம பேத்தி காலத்துல பாத்துக்கலாமுங்க. மொதல்ல இந்த ஊட்டுக்குக் கரண்டு வரட்டும்" என்றேன். அவரும் சிரித்துவிட்டு அந்தப் பத்திரிகையைக் கொண்டு விளக்குச் சிம்னியைத் துடைத்தார்.

பேத்தியும் வரவில்லை, கரண்டும் வரவில்லை. முழுசாக ஒரு வருஷம் ஆவதற்குள் அந்த மெஷின் எங்கள் மகள் நெஞ்சில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவளுக்கு அப்போது எட்டு வயது. நாலு வயதில் வந்த ஒரு காய்ச்சல் இரண்டு காதையும் பாதிக்குமேல் கொண்டுபோயிருந்தது. எங்களுக்குத் தெரியவில்லை. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டாள், முகத்துக்கு நேரே சொன்னால் செய்வாள். திமிர் என்று நினைத்தோம். நானே முதுகில் இரண்டு போட்டிருக்கிறேன். எழுதவே கூசுகிறது, எழுதாமல் விட்டால் இன்னும் கூசும்.

பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர்தான் கண்டுபிடித்தார். "அம்மிணி, புள்ளைக்குத் திமிரெல்லாம் ஒண்ணுமில்லீங்க. காதுதான். கோயமுத்தூர் கூட்டிட்டுப் போய்ப் பாருங்க" என்றார். போனோம். டாக்டர் நாலைந்து தடவை வரச்சொல்லி, ஏதேதோ மணியெல்லாம் அடித்துப் பார்த்து, கடைசியில் அந்த மெஷினைக் கொடுத்தார்.

சோப்புப் பெட்டி அளவு. அதிலிருந்து மெல்லிய ஒயர் கழுத்துப் பக்கமாக ஏறி, நுனியில் ஒரு பொத்தான். அதைக் காதில் செருக வேண்டும். உள்ளே பேட்டரியும் சத்தம் வாங்குகிற மைக்கும், மேலே திருகுகிற குமிழ். நான் பூப்போட்ட துணியில் ஒரு பை தைத்து, இரண்டு பக்கமும் நாடா வைத்து, நெஞ்சில் நிற்கிற மாதிரி கட்டிவிட்டேன்.

"பேத்தி காலம்னு சொன்னியே, பாத்துக்க" என்றார் என் வீட்டுக்காரர். மெஷின் பெட்டியைத் திறந்தது அரிக்கேன் வெளிச்சத்தில்.

ஆனால் ஹெட்மாஸ்டர் ஒன்று சொல்லியிருந்தார். "இந்த வருசம் கல்வி ஆபீசர் வர்றப்பப் புள்ளையப் பாப்பாருங்க. மெஷினு போட்டு மத்த புள்ளைகளோட படிக்க முடியுதுன்னு அவருக்குத் தோணுச்சுன்னா இங்கயே இருக்கலாம். இல்லீன்னா காது கேக்காத புள்ளைகளுக்குன்னு ஹாஸ்டலோட இருக்கற பள்ளிக்கூடத்துக்கு எழுதீருவாரு. அவரு எழுதீட்டா எங் கையில ஒண்ணுமில்லீங்க."

அந்த ஹாஸ்டல் இரண்டு பஸ்ஸும் ஒரு ரயிலும் மாறிப் போகவேண்டிய ஊரில் இருந்தது. என் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு தூங்குகிற பிள்ளை. அங்கே யார் முந்தானை? மெஷின் வந்ததிலிருந்து அந்த ஏழு மாதமும் எனக்கு ஓடிய ஓட்டமெல்லாம் இந்த ஒரே நினைப்பில்தான்.

நினைத்துக் கவலைப்படவாவது ஊர் விட்டதா என்றால் அதுவும் இல்லை. பாதையில் போகிறவர் வருகிறவரெல்லாம் நிற்பார்கள். "ஏங்கண்ணு, சிலோன் எடுக்குமா?" "ஒரு பாட்டு வெய்யி கேக்கலாம்." கிரிக்கெட் நடந்தால் இன்னும் மோசம், ஸ்கோர் கேட்டு ஆள் வரும். கிணற்றடியில் ஒரு அம்மா, "ஏனம்மிணி, அது புள்ள ஒடம்புல இருந்தே கரண்டு உறிஞ்சுதாமா? அதான் எளைச்சுப்போயிட்டா" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் மொண்டுகொண்டு போய்விட்டாள். எனக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. மகளை நிறுத்தி இடுப்பை அளந்துகூடப் பார்த்தேன்.

விவரம் தெரிந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டவர்கள் அவளிடம் பேசுவதில்லை. குனிந்து, அவள் நெஞ்சிலிருக்கிற பெட்டியிடம் பேசுவார்கள். அதுவும் கூட்டத்தில் மைக் பிடித்த மாதிரி கத்துவார்கள். "சாப்ட்டியாஆ?" பிள்ளை முகத்தைச் சுளித்துக்கொண்டு காதிலிருந்து பிடுங்குவாள். "பாரு, வாங்கிக் குடுத்தும் போட மாட்டீங்கறா" என்று எனக்குத்தான் திட்டு.

மெஷின் தன் பங்குக்கு வேறு படுத்தியது. பொத்தான் கொஞ்சம் தளர்ந்தால் 'கீ' என்று ஒரு சத்தம். முதல் தடவை சுவரோரத்தில் ஏதோ பூச்சி என்று விளக்குமாறோடு வீட்டையே புரட்டினேன். வியர்வை படக்கூடாது, தண்ணீர் படக்கூடாது, கீழே விழக்கூடாது. வானம் கறுத்தாலே நான் ஓடிப்போய் ஒயரைக் கழற்றிவிடுவேன், இடி அது வழியாக இறங்கிவிடுமோ என்று. டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை. ஆனால் இறங்காது என்றும் சொல்லவில்லையே.

எல்லாவற்றையும்விட எரிச்சல், என் மகளே அதை அடிக்கடி நிறுத்திவிடுவது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போதே குமிழைத் திருகி அணைத்துவிட்டிருப்பாள். ஆட்கள் கூடினால் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வாள். "இத்தனை பாடுபட்டு வாங்கிக் குடுத்தா இப்படிப் பண்றியே, ஆபீசர் வந்தா என்ன பண்ணுவே" என்று தினமும் கத்துவேன். அவள் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

இந்த நிலைமையில்தான் தபால்காரர் வந்தார்.

என் தம்பி எழுதிய கடிதத்தைக் கொடுத்துவிட்டு, சைக்கிளில் ஒரு காலை ஊன்றியபடி மகளையே பார்த்தார். "ஏனுங் அம்மிணி, இதுக்கு லைசென்ஸ் எடுத்துட்டீங்களா?"

"எதுக்குங்க?"

"ரேடியோ வெச்சிருந்தா லைசென்ஸ் எடுக்கோணுமில்லீங்க? நீங்க என்னடான்னா புள்ள நெஞ்சுலயே கட்டி, ஊருக்கே காட்டிட்டு அனுப்பறீங்க. ஆபீசருங்க பாத்தா அவுத்துட்டுப் போயிருவாங்க." சிரித்துக்கொண்டே மணியை அடித்துவிட்டுப் போய்விட்டார்.

அந்தக் காலத்தில் ரேடியோ வைத்திருந்தால் தபால் ஆபீசில் லைசென்ஸ் எடுக்க வேண்டும், வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும் என்பது இப்போது பலருக்கு மறந்திருக்கும். எடுக்காதவர்கள் நிறையப்பேர் உண்டு. ஆனால் அவர்கள் யாரும் நான் இல்லையே. எனக்கு அவர் சொன்னதில் 'ஆபீசர்' என்ற ஒரு சொல் மட்டும் தங்கிவிட்டது. கல்வி ஆபீசரும் சர்க்கார் ஆள்தானே? வருவார், மெஷினைப் பார்ப்பார், லைசென்ஸ் எங்கே என்பார், அவிழ்த்துக்கொண்டு போவார், மெஷின் இல்லாத பிள்ளையை ஹாஸ்டலுக்கு எழுதிவிடுவார். நடந்தே முடிந்துவிட்ட மாதிரி எனக்குக் கண்ணில் தெரிந்தது.

"அது ரேடியோ இல்ல புள்ள" என்றார் என் வீட்டுக்காரர்.

"அதெப்படிங்க சொல்றீங்க? பேட்டரி இருக்குது, திருகற குமிழ் இருக்குது, ஒயர் இருக்குது, காதுல வெச்சாக் கேக்குது. வேறென்ன வேணும் ரேடியோவுக்கு?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "அந்தாளு வெளையாட்டுக்குச் சொல்லியிருப்பாரு" என்று சொல்லிவிட்டுக் கடலைக்காட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

ஆபீசர் அடுத்த வாரம் வருவதாக ஹெட்மாஸ்டர் சொல்லியிருந்தார். அதற்குள் லைசென்ஸ் கையில் இருக்க வேண்டும். மறுநாள் காலையிலேயே கிளம்பினேன். லைசென்ஸில் மெஷின் பேரும் நம்பரும் எழுதுவார்கள், அதனால் மெஷினையும் எடுத்துக்கொண்டேன். "ஒரு நாள்தானே கண்ணு, இன்னிக்கு இல்லாமப் போயிட்டு வா" என்றேன். அவள் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு, வரப்பில் குதித்துக்கொண்டு ஓடினாள். அவ்வளவு லேசாக அவள் ஓடி நான் பார்த்து நாளாகியிருந்தது. அதுகூட எனக்குக் கோபமாகத்தான் வந்தது. நான் இவளுக்காகப் பஸ் ஏறுகிறேன், இவளுக்குக் குதியாட்டம்.

சித்தூரில் தபால் ஆபீசில் கூட்டம் அதிகமில்லை. ஜன்னலுக்குள்ளே மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு குமாஸ்தா. விண்ணப்பப் பாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு மலையாளம் கலந்த தமிழில் கேட்டார். "ரேடியோ ஏது கம்பெனி? எத்தனை பேண்டு?"

"ரெண்டு" என்றேன். நாடாவைத்தான் சொன்னேன்.

"காட்டுங்கோ." நான் பூப்போட்ட பையை ஜன்னல் வழியாக நீட்டினேன். அவர் உள்ளேயிருந்து பெட்டியை எடுத்தார், ஒயரை நீட்டிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். "எந்தா அம்மா இது?"

சொன்னேன். ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. காய்ச்சல், கோயமுத்தூர், ஹெட்மாஸ்டர், தபால்காரர், ஹாஸ்டல், எல்லாவற்றையும் சொன்னேன். எனக்குப் பின்னால் நின்றவர்களும் கேட்டார்கள். உள்ளேயிருந்த இன்னும் இரண்டு பேர் எழுந்து வந்தார்கள். ஒவ்வொருவராகப் பொத்தானை வாங்கிப் பார்த்தார்கள். "இதொக்கே வந்தாச்சோ!" என்றார் ஒருவர், இதெல்லாமா வந்துவிட்டது என்று வாயைப் பிளந்து.

குமாஸ்தா என்னவோ சிரிக்கவில்லை. "அம்மா, ரேடியோன்னு சொன்னா தூரத்திலேர்ந்து வரணும். ஸ்டேஷன் வேணும். இது பக்கத்தில பேசறதைப் பெரிசாக்கித் தரும், அத்ரதான். இந்தா, என் கண்ணாடியும் சின்னதைப் பெரிசாக் காட்டுது. இதுக்கு யாராவது லைசென்ஸ் கேக்கறாளோ? மனசிலாச்சோ?"

புரிந்துவிட்டது. ஆனாலும், "அப்ப லைசென்ஸ் வேண்டாமுன்னு எழுதிக் குடுங்க சார்" என்றேன்.

"வேண்டாத்ததுக்கு எப்படி எழுதறது?"

"ஆபீசர் கேட்டா நான் என்னத்தைக் காட்டறதுங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். பின்னால் ஒரு ஆள், "எழுதிக் குடுத்துருங்க சார், நாங்க ஸ்டாம்பு வாங்கோணும்" என்றார். கடைசியில் ஒரு வீணான பாரத்தின் பின்பக்கம் மலையாளத்தில் மூன்று வரி எழுதி, தேதி முத்திரையை ஓங்கிக் குத்திக் கொடுத்தார். எனக்கு மலையாளம் எழுத்துக்கூட்டித்தான் வரும். இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். இது காது கேட்பதற்கான சாதனம், ரேடியோ அல்ல, லைசென்ஸ் தேவையில்லை. அதை மடித்து ரவிக்கைக்குள் வைத்த பிறகுதான் மூச்சு வந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் நெருக்கடி. அன்றைக்கு வேலந்தாவளம் மாட்டுச் சந்தை என்பதை நான் மறந்தே போயிருந்தேன். ஒரு கையில் கம்பி, ஒரு கையில் பை. பையோடு மெஷின் நசுங்கிவிடுமோ என்று பயம் வந்தது. நாடாவைத் தலைவழியாக மாட்டி, நெஞ்சில் தொங்கவிட்டு முந்தானையால் மூடினேன். ஒயர் யார் குடையிலாவது மாட்டி அறுந்துவிட்டால்? பொத்தானையும் என் காதிலேயே செருகி, விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

அந்த ஏழு மாதமும் தினம் அதைத் துடைத்திருக்கிறேன், பேட்டரி மாற்றியிருக்கிறேன். ஒரு நாளும் என் காதில் வைத்ததில்லை. நல்ல காது கெட்டுப்போகும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அன்றைக்கு அது காதில் இருந்தபோது, என்னதான் கேட்கிறது பார்ப்போமே என்று குமிழைக் கொஞ்சம் திருகினேன்.

முதலில் ஏதோ மூட்டையைத் தரையில் இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். கர்ர், கர்ர். என்னவென்று புரியாமல் திரும்பினால் இன்னும் பெரிதாக வந்தது. அசையாமல் நின்றேன், நின்றுபோனது. அது என் முந்தானை. என் சொந்த முந்தானை அந்தப் பை மேல் உரசுகிற சத்தம். நான் மூச்சு விட்டால்கூட உரசியது. அதற்குப் பின்னால் என்ஜின், கண்டக்டர் பையில் சில்லறை, எங்கோ ஒரு குழந்தை அழுவது, ஜன்னல் கண்ணாடி ஆடுவது. எல்லாம் ஒரே தூரத்தில், ஒரே அளவில், காதுக்குள்ளேயே நின்றுகொண்டு இரைந்தன. பக்கத்து சீட்டு அம்மா என்னிடம் ஏதோ கேட்டார். வாய் அசைந்தது. அந்த இரைச்சலில் அவர் குரல் எது என்று பிரித்தெடுக்க எனக்குத் தெரியவில்லை.

எனக்குக் காது நன்றாகக் கேட்கும், அதனால் எனக்கு அதிகமாகவே கேட்டிருக்கும் என்று பிற்பாடு டாக்டர் சொன்னார். ஆனால் துணி உரசுவது எல்லோருக்கும் கேட்கும் என்றும், கூட்டத்தில் பிரித்துக் கேட்பது சிரமம் என்றும் அவரே சொன்னார். அதை அவர் முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம். ஒருவேளை சொல்லியிருப்பார், நான் இடி விழுமா என்று யோசித்துக்கொண்டிருந்திருப்பேன்.

கண்டக்டர் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து எதிரே நின்றார். எங்கள் ரோட்டிலேயே நாள் முழுக்கப் போய்வருகிறவர், என்னைத் தெரியும். ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னார், கையை ஆட்டினார். நான் என்ன செய்தேன் தெரியுமா? பொத்தானைக் காதிலிருந்து பிடுங்கினேன். பிடுங்கிவிட்டு அவர் வாயைப் பார்த்தேன்.

அதைச் செய்த பிறகுதான் என் கை எனக்கே தெரிந்தது. ஏழு மாதமாக என் மகள் செய்ததும் இதைத்தான், நான் தினமும் கத்தியதும் இதற்குத்தான்.

"ஏனுங்க, காதுல வாங்க மாட்டீங்களா?" என்றார் கண்டக்டர். "உங்கூருப் பள்ளிக்கூடத்து முன்னால பதினோரு மணியிலிருந்து சர்க்கார் ஜீப்பு நிக்குதுங்க. ஆபீசர் வந்திருக்கறாராமா. உங்க புள்ளைய ஏதோ பாப்பாருன்னு சொன்னீங்களே?"

அடுத்த வாரம் வருவதாக இருந்த ஆபீசர்! மெஷின் என் கழுத்தில், பிள்ளை பள்ளிக்கூடத்தில்.

பஸ் அந்த நேரம் பார்த்து நின்றது. விற்று முடித்த மாடுகளை மேற்கே ஓட்டிக்கொண்டு வந்தார்கள். ரோடு முழுக்க மாடு, நடுவில் ஒரு எருமை பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றது. டிரைவர் ஹாரன் அடிக்க அடிக்க அது யோசித்துக்கொண்டே இருந்தது. நான் இறங்கிவிட்டேன். ஒன்றரை மைல் இருக்கும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சாணியும் கொம்புமாகப் புகுந்து ஓடினேன். மாடு ஓட்டுகிற ஒருவர், "அம்மிணி, எந்த மாட்டைத் தவற விட்டீங்க?" என்று கேட்டார். அவரைத் திட்டக்கூட மூச்சில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது ஆபீசர் மத்தியானச் சாப்பாடு முடித்து மூன்றாம் வகுப்புக்கு வந்திருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, மேஜை மேல் ரிஜிஸ்டரைத் திறந்து வைத்துக் குனிந்தபடியே ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். என் மகள் கடைசி வரிசையில் எழுந்து நின்று முழித்துக்கொண்டிருந்தாள். குனிந்த ஆளின் வாய் எங்கே தெரியும்?

ஹெட்மாஸ்டர் என்னைப் பார்த்ததும் வெளியே ஓடிவந்தார். "என்னுங் அம்மிணி பண்ணி வெச்சிருக்கறீங்க? மெஷினு எங்க? ரெண்டு கேள்வி கேட்டுட்டாருங்க, புள்ள வாயே தொறக்கலை. பேனாவ எடுத்துட்டாருங்க!"

நான் நேரே உள்ளே போய், ரவிக்கையிலிருந்து காகிதத்தை எடுத்து ஆபீசர் முன்னால் வைத்தேன். அதற்குத்தானே அவ்வளவு தூரம் போனது! அவர் படித்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடி படித்தார். "இது ரேடியோவான்னு நான் எப்போ கேட்டேன்?" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு அப்படியே தரைக்குள் போய்விடலாம் போலிருந்தது.

"சரி, மெஷினை வச்சுக் குடுங்கோ. பாக்கட்டும்."

நான் கழுத்திலிருந்து கழற்றினேன். மகள் பக்கத்தில் வந்து நின்றாள், மாட்டிக்கொள்ளக் கழுத்தை நீட்டினாள். நாற்பது பிள்ளைகள் பெஞ்சை நகர்த்திக்கொண்டு, சிலேட்டைத் தட்டிக்கொண்டு. மாட்டிவிட்டால் என்ன நடக்கும் என்று எனக்கு அப்போது ஒரு மணி நேரத்து அனுபவம் இருந்தது. அவளுக்குக் கேட்காது. மெஷின் போட்டும் கேட்கவில்லை என்று அவர் எழுதுவார்.

"சார், மொதல்ல நீங்க ஒருக்காப் போட்டுப் பாருங்க" என்றேன்.

ஹெட்மாஸ்டர், "அம்மிணி!" என்றார். ஆனால் ஆபீசருக்கும் அந்தப் பெட்டி மேல் கண் இருந்தது. "நான் இதைப் படத்தில மட்டுமே கண்டிருக்கு" என்று சொல்லிக்கொண்டே வாங்கி, நாடாவைச் சட்டைமேல் மாட்டி, பொத்தானைக் காதில் வைத்தார். நான் குமிழைத் திருகினேன். அவர் புருவம் மேலே போனது. கழுத்தைத் திருப்பினார், கஞ்சி போட்ட சட்டை உரசியிருக்கும், பயந்து நெஞ்சைப் பார்த்தார்.

"ஹெட்மாஸ்டர் சார், நீங்க கடைசி பெஞ்சுல நின்னு, புஸ்தகத்தைப் பாத்துட்டே இவர்கிட்ட ஏதாச்சும் ஒரு கேள்வி கேளுங்க" என்றேன்.

அவர் என்னைக் கொல்லுகிற மாதிரி பார்த்தார். ஆனாலும் போய் நின்று, தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம், சத்தம் இன்னும் ஏறியது. ஆபீசர் காதில் விரலை வைத்து அழுத்தினார். "எந்தா? என்னது?" என்றார். ஹெட்மாஸ்டர் மறுபடி கேட்டார். ஆபீசர் பொத்தானைக் கழற்றிவிட்டு அவர் வாயைப் பார்த்தார்.

"ஏழெட்டு எத்தனைன்னு கேட்டேனுங்க சார்" என்றார் ஹெட்மாஸ்டர், மெதுவாக.

ஆபீசர் கழற்றின மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு என் மகளைப் பார்த்தார். "மோளே, நீ தினமும் இதையா கேக்கறே?" என்றார். முகத்தைப் பார்த்துக் கேட்டதால் அவளுக்குப் புரிந்தது. ஆமாம் என்று தலையாட்டினாள்.

அவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து அவளுக்கு நேரே போட்டார். பிள்ளைகளைச் சத்தம் போடக்கூடாதென்று சொன்னார். மெஷினை நெஞ்சில் கட்டாமல் மேஜைமேல் தம் பக்கமாக வைக்கச் சொல்லி, ஒயரை நீட்டி அவள் காதில் பொத்தானைச் செருகச் சொன்னார். அது எனக்கோ கோயமுத்தூர் டாக்டருக்கோ தோன்றாத யோசனை. மூன்று கேள்வி கேட்டார். இரண்டுக்குச் சரியாகச் சொன்னாள். மூன்றாவது, கேரளத்தின் தலைநகரம் எது என்று. "சித்தூர்" என்றாள். அது காது கேட்காததால் வந்த தப்பு இல்லை, படிக்காததால் வந்த தப்பு. அவள் தப்பாகச் சொல்லி நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

ஆபீசர் ரிஜிஸ்டரில் எழுதினார். எழுதியதை ஹெட்மாஸ்டர் எனக்குப் படித்துச் சொன்னார். இந்தப் பிள்ளை இங்கேயே படிக்கலாம். முதல் பெஞ்சில் உட்கார வேண்டும். பாடம் சொல்பவர் முகத்தைக் காட்டிப் பேச வேண்டும். போகும்போது ஆபீசர் அந்தத் தபால் ஆபீஸ் காகிதத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, "பத்திரமா வச்சுக்கோங்கோ. போலீஸ் வந்தால் காட்டலாம்" என்றார். அவர் விளையாட்டுக்குச் சொன்னாரா நிஜமாகச் சொன்னாரா என்று நான் மறுபடியும் இரண்டு நாள் யோசித்தேன்.

சாயங்காலம் நானும் மகளும் வரப்பில் நடந்து வந்தோம். பாதி வழியில் அவள் கை நெஞ்சுக்குப் போனது. குமிழைத் திருகி அணைத்தாள். அணைத்துவிட்டு, திட்டு வருமே என்று என்னைப் பார்த்தாள். நான் இரண்டடி முன்னால் போய்த் திரும்பி நின்று, முகத்தைக் காட்டி, "பசிக்குதா கண்ணு?" என்று கேட்டேன். "ஆமா" என்றாள்.

பிறகு எத்தனையோ மெஷின்கள் வந்துவிட்டன, ஒவ்வொன்றும் நான் நினைத்ததற்கு இருபது வருஷம் முன்னதாகவே வந்து என்னை எரிச்சல்படுத்திவிட்டுத்தான் போகிறது. ஆனால் யாராவது எதையாவது புதுசாக உடம்பில் மாட்டிக்கொண்டு எதிரே வந்து நின்றால், அது என்ன, எங்கே வாங்கினது என்று விசாரிப்பதற்கு முன்னால், போட்டுக்கொண்டால் உனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்காமல் இன்றுவரை நான் விடுவதில்லை.